மூன்று இலக்கங்களுக்கு முதலில் வழிவிடுங்கள்

இல்லமும் கருவியும்



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்ந்து வரும் வாசகச் சகோதரி ஒருவர் சென்ற மாதம் நீண்டதொரு மடல் வரைந்திருந்தார். ஊரிலிருந்து அவருடைய மாமி வந்து தங்கியிருக்கிறார். கைபேசியின் கண்ணாடித் திரை அந்த அம்மையாருக்குக் கைவரவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பேசும் பழைய தொலைபேசிதான் அவருக்குப் பழக்கம். எனவே மகன் இணையத் தொலைபேசி அடாப்டர் ஒன்றை வாங்கி, வீட்டில் கிடந்த பழைய தொலைபேசியை அதில் மாட்டிக் கொடுத்திருக்கிறார்.

“ஊருக்குப் போன் போட்டால், எண்களை எல்லாம் அழுத்தி முடித்த பின்பும் சற்று நேரம் ஓசையற்றுக் கிடக்கிறது. சில வேளைகளில் பாதியிலேயே இரைந்துவிட்டு அடங்கிவிடுகிறது. ‘இந்த நாட்டுப் போனுக்கு என் விரல் பிடிக்கவில்லை போலும்’ என்று மாமி வருந்துகிறார்கள். அடாப்டரில் ‘டயல் பிளான்’ என்றொரு கட்டம் இருக்கிறது. புரியாத குறிகள் நிறைந்த அதைத் தொட இவர் அஞ்சுகிறார். அதை எப்படித் திருத்துவது?” என்பது சகோதரியின் கேள்வி.

ஊருக்குப் பேசுவதைப் பற்றிய கேள்விதான் இது. ஆயினும் அதற்கு விடை கூறும் முன், அதே டெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தை இங்கே நினைவுகூர வேண்டியுள்ளது.

நான்கு முறை அழுத்திய சிறுமி

2013ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மார்ஷல் என்னும் ஊரில் ஒரு விடுதி அறையில் கேரி ஹன்ட் என்னும் இளந்தாய், பிரிந்து வாழ்ந்த கணவனால் தாக்கப்பட்டார். அருகிலிருந்த அவருடைய ஒன்பது வயது மகள், பெரியவர்கள் கற்பித்திருந்தபடியே அறைத் தொலைபேசியை எடுத்து, அந்நாட்டின் அவசர எண்ணாகிய 911ஐ அழுத்தினாள். ஒரு முறையன்று, நான்கு முறை. அழைப்பு வெளியே செல்லவே இல்லை. வெளியூர், உள்ளூர் எங்கே பேசுவதாயினும் முதலில் 9ஐ அழுத்த வேண்டும் என்பது அந்த விடுதித் தொலைபேசி அமைப்பின் விதி. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தாய் உயிரிழந்தார்.

அதன் பிறகு கேரியின் தந்தை ஓயாது போராடினார். அவருடைய முயற்சியின் பயனாய், ‘கேரி சட்டம்’ என்னும் பெயரிலேயே 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16இல் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் நகரில் 1968 பிப்ரவரி 16 அன்று முதல் 911 அழைப்பு விடுக்கப்பட்டது. அன்றிலிருந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து இச்சட்டம் பிறந்தது. விடுதிகளிலும் அலுவலகங்களிலும் புதிதாக நிறுவப்படும் பல இணைப்புத் தொலைபேசி அமைப்புகளில், முன்னொட்டு எதுவுமின்றி 911ஐ நேரடியாக அழைக்க இயல வேண்டும் என்பது 2020 பிப்ரவரி 16 முதல் அங்கே கட்டாயம்.

விடுதிக்கும் அலுவலகத்துக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் வீட்டு மேசைமேல் இருக்கும் சின்னஞ்சிறு அடாப்டருக்கு விதி எழுதுகிறவர் வீட்டுக்காரரே. அங்கே எந்த அழைப்பு உடனே செல்லும், எது காத்திருக்கும், எது மறுக்கப்படும் என்பதெல்லாம் அவர் எழுதும் ஒரு வரியைப் பொறுத்தவை. ஆகவே, அந்த வரியில் முதலிடம் எதற்கு என்பதை நாம் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடாப்டர் ஏன் காத்திருக்கிறது?

பழைய கம்பித் தொலைபேசியில் நாம் அழுத்தும் ஒவ்வோர் இலக்கத்தையும் தொலைபேசி நிலையமே கேட்டுக்கொண்டிருந்தது. எண் எங்கே முடிகிறது என்பதை அதுவே அறிந்து இணைப்புக் கொடுத்தது. அடாப்டரின் முறை வேறு. நாம் அழுத்தும் இலக்கங்களை அது தன்னிடமே சேர்த்து வைத்துக்கொள்கிறது. எண் முழுமையாகிவிட்டது என்று தோன்றிய பின்னரே, அனைத்தையும் ஒன்றாகக் கட்டி இணையத்தின் வழியே சேவை நிறுவனத்துக்கு அனுப்புகிறது.

மளிகைக் கடையில் நாம் சாமான்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் கடைக்காரரைப் போன்றது இது. நாம் வாய் மூடியதும் அவர் சற்றுப் பொறுத்து, “அவ்வளவுதானா?” என்று பார்க்கிறார் அல்லவா? அடாப்டரும் அவ்வாறே பொறுத்துப் பார்க்கிறது. எவ்வளவு பொறுக்க வேண்டும், எந்த எண்ணுக்குப் பொறுக்கவே கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுக்கும் பட்டியலே ‘டயல் பிளான்’. நாம் அதனை எண் விதி என்போம்.

சிபூரா என்னும் நிறுவனம் உருவாக்கி, 2005ஆம் ஆண்டில் சிஸ்கோவின் கைக்கு மாறிய பின் லிங்க்சிஸ் பெயரிலும் சிஸ்கோ பெயரிலும் விற்கப்பட்ட அடாப்டர்கள் இன்னும் பல வீடுகளில் உழைக்கின்றன. சகோதரியின் வீட்டில் இருப்பதும் அவ்வகையே. அவற்றின் எண் விதியைப் படிக்கச் சில குறிகளை அறிந்தால் போதும்.

ஆங்கில எழுத்தான எக்ஸ், 0 முதல் 9 வரை எந்த இலக்கத்தையும் குறிக்கும். [2-9] எனச் சதுர அடைப்பில் எழுதினால், 2 முதல் 9 வரை ஏதேனும் ஓர் இலக்கம் என்று பொருள். புள்ளி வைத்தால், அதற்கு முந்திய குறி எத்தனை முறை வேண்டுமாயினும் தொடரலாம், வராமலும் இருக்கலாம். | என்னும் நெட்டைக் கோடு ஒரு விதியையும் அடுத்த விதியையும் பிரிக்கும். <112:911> என்று எழுதினால், அழுத்தியது 112 ஆயினும் அனுப்புவது 911 என்று பொருள். இறுதியில் எஸ் என்னும் எழுத்தையும் 0 என்னும் எண்ணையும் சேர்த்தால், “இனி ஒரு நொடியும் காத்திராதே, உடனே அனுப்பு” என்பது ஆணை.

மூன்று நொடியும் பத்து நொடியும்

இவ்வகை அடாப்டரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. நாம் அழுத்திய இலக்கங்கள் ஒரு விதிக்கு முழுமையாகப் பொருந்தி, மேலும் அழுத்தினால் வேறொரு விதிக்கும் பொருந்தக்கூடும் என்ற நிலையில் குறுங்கடிகாரம் ஓடும். தொழிற்சாலையில் அமைத்தபடி அது 3 நொடி. எந்த விதியும் இன்னும் முழுமை பெறாத நிலையில் நெடுங்கடிகாரம் ஓடும். அது 10 நொடி. குறுங்கடிகாரம் தீர்ந்தால் அழைப்புச் செல்லும். நெடுங்கடிகாரம் தீர்ந்தால் அழைப்பு மறுக்கப்பட்டு, இரைச்சல் ஓசை கேட்கும்.

இப்போது, பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இருக்கும் எண் விதியைப் பாருங்கள். அதில் [3469]11 என்று ஒரு விதி உண்டு. 911 அதற்குள் அடக்கம். ஆனால் அதே பட்டியலில், [2-9]இன் பின் ஆறு எக்ஸ் என உள்ளூர் ஏழிலக்க எண்ணுக்கும் ஒரு விதி உண்டு. ஆகவே 911 என அழுத்தியதும், “இது அவசர எண்ணா, அல்லது 911இல் தொடங்கும் ஏழிலக்க எண்ணா?” என்று அடாப்டர் மூன்று நொடி தயங்குகிறது.

மூன்று நொடி பெரிதா என்று கேட்கலாம். அமைதியாய் அமர்ந்திருக்கையில் பெரிதன்று. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்ட பாட்டியாரின் அருகே நடுங்கும் கைகளுடன் நிற்கும் பேரனுக்கு, அந்த மௌனம் “போன் வேலை செய்யவில்லை” என்பதன் அடையாளமாகவே தோன்றும். அவன் வைத்துவிட்டு மீண்டும் எடுப்பான். மீண்டும் மௌனம். எஸ் 0 என்னும் இரண்டே குறிகள் இந்தத் தயக்கத்தை அகற்றிவிடும். 911 என்ற மூன்று இலக்கங்களில் தொடங்கும் வேறு எண் அந்நாட்டில் இல்லையாதலால், இவ்வாறு எழுதுவதில் இழப்பேதும் இல்லை.

ஒரு நாடே திருத்திக்கொண்ட விதி

இத்தகைய குழப்பம் ஒரு வீட்டுப் பெட்டிக்கு மட்டும் உரியதன்று. மன உளைச்சலாலும் தற்கொலை எண்ணத்தாலும் தவிப்போருக்குக் கைகொடுக்க, 988 என்னும் மூன்றிலக்க எண்ணை அமெரிக்கா ஏற்படுத்தியது. 2022 ஜூலை 16 முதல் அது நாடெங்கும் இயங்குகிறது. ஆனால் அதற்கு முன் ஒரு தடை இருந்தது. பல பகுதிகளில் 988 என்றே தொடங்கும் உள்ளூர் ஏழிலக்க எண்கள் வழக்கத்தில் இருந்தன. 988 என ஒருவர் அழுத்தினால், உதவி கேட்கிறாரா, அண்டை வீட்டாரை அழைக்கிறாரா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

ஆகவே 82 பகுதி எண்களுக்கு உட்பட்ட ஊர்களில் ஏழிலக்க அழைப்பே நிறுத்தப்பட்டது. 2021 அக்டோபர் 24 முதல், பக்கத்துத் தெருவுக்குப் பேசுவதாயினும் பகுதி எண்ணையும் சேர்த்துப் பத்திலக்கமும் அழுத்த வேண்டும் என்றாயிற்று. துயருற்றவரின் மூன்று இலக்கங்களுக்கு வழிவிடுவதற்காக, கோடிக்கணக்கானோர் தம் விரல் பழக்கத்தை மாற்றிக்கொண்டனர்.

ஆனால் அதற்கு முன் வாங்கிய அடாப்டர் இதை அறியாது. பழைய விதியில் 988 இல்லை. அழுத்தினால் பத்து நொடி காத்திருந்து, பின்னர் மறுத்துவிடும். உதவி கேட்கவே தயங்கித் தயங்கித் தொலைபேசியை எடுத்த ஒருவருக்கு, இரைச்சல் ஓசையைப் பதிலாகத் தருவது எத்துணைக் கொடுமை! ஆதலின் 988ஐயும் விதியில் சேர்த்து, பத்திலக்கம் வழக்கமாகிவிட்ட ஊர்களில் ஏழிலக்க விதியை நீக்கிவிடுங்கள்.

மாமியின் விரலில் குற்றமில்லை

இனி சகோதரியின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு 011, பின் 91, பின் பத்து இலக்கங்கள் என மொத்தம் பதினைந்து இலக்கங்கள் அழுத்த வேண்டும். பழைய விதியில் இந்தியாவுக்கெனத் தனி விதி இல்லை. “பதினொன்றும் அதற்கு மேலும்” என்னும் பொது விதியில்தான் அது அடங்கும். எனவே பதினைந்தாம் இலக்கத்துக்குப் பின்னும் மேலும் வருமோ என்று அடாப்டர் மூன்று நொடி காத்திருக்கிறது. மாமி கேட்ட மௌனம் இதுதான்.

பாதியில் இரைவதற்கும் காரணம் உண்டு. மாமி குறிப்பேட்டைப் பார்த்து அழுத்துகிறவர். பதினொன்றாம் இலக்கம் வரை வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்ய மூன்று நொடி நிறுத்தினால் போதும். எண் முடிந்துவிட்டது என்று கருதி, அரைகுறை எண்ணை அடாப்டர் அனுப்பிவிடும். முதலில் வரும் 0வுக்குப் பின் நிறுத்தினாலோ, 0 என்பதே தனி விதியாக இருப்பதால், தொலைபேசி உதவியாளருக்கு அழைப்புச் சென்றுவிடும். இடையே பத்து நொடி தாமதித்தால் மறுப்பு ஓசைதான். குற்றம் விரலில் அன்று, விதியில்.

இன்னொரு பழக்கமும் நம் மூத்தோருக்கு உண்டு. ஊர் எண்ணுக்கு முன் 0 சேர்த்தே அவர்கள் மனனம் செய்திருப்பார்கள். 91க்குப் பின் அந்த 0 வரக் கூடாது. அவர்களைத் திருத்துவதைவிட, விதியைத் திருத்துவது எளிது.

அதைவிட முக்கியமான பழக்கம் வேறொன்று. ஆபத்து என்றால் மாமியின் விரல் தேடுவது 911ஐ அன்று, தமிழ்நாட்டில் அவர் அறிந்த 108ஐ. இந்தியாவின் பொது அவசர எண்ணாகிய 112ஐ அறிந்தவர்களும் இருப்பர். வட அமெரிக்காவில் 0 அல்லது 1இல் தொடங்கும் பகுதி எண் எதுவும் இல்லையாதலால், இவ்விரண்டையும் 911 ஆக மாற்றி அனுப்பும்படி அச்சமின்றி எழுதலாம்.

எழுத வேண்டிய விதிகள்

தொலைபேசியை எடுத்து நான்கு முறை நட்சத்திரக் குறியையும், பின் 110#ஐயும் அழுத்தினால், லிங்க்சிஸ் பிஏபி2டி போன்ற அடாப்டர்கள் தம் இணைய முகவரியைக் குரலில் சொல்லும். அம்முகவரியை வீட்டுக் கணினியில் இட்டு, நிர்வாகி வாயிலில் ‘அட்வான்ஸ்ட்’ என்னும் விரிவான தோற்றத்துக்குச் சென்று, ‘லைன் 1’ பக்கத்தின் அடிப்பகுதியில் பார்த்தால் எண் விதி கிடைக்கும். முதற்காரியமாக, இருக்கும் விதியை ஒரு தாளில் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பின்வருவனவற்றை வரிசையாய் எழுதுங்கள்.

1. 911, எஸ் 0. அவசர உதவி.
2. 988, எஸ் 0. மன உளைச்சலுக்கான உதவி.
3. <108:911>, எஸ் 0. அதன்பின் <112:911>, எஸ் 0. ஊர்ப் பழக்கத்துக்கு.
4. 933, எஸ் 0. சோதனைக்கு. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.
5. [2-8]11, எஸ் 0. 211, 311 முதலிய பொதுச்சேவை எண்கள்.
6. <:1>, [2-9], இரண்டு எக்ஸ், [2-9], ஆறு எக்ஸ், எஸ் 0. பத்திலக்க எண்ணுக்கு முன்னால் 1ஐத் தானே சேர்த்துக்கொள்ளும்.
7. 1, [2-9], இரண்டு எக்ஸ், [2-9], ஆறு எக்ஸ், எஸ் 0. 1 சேர்த்தே அழுத்துவோருக்கு.
8. 01191, [1-9], ஒன்பது எக்ஸ், எஸ் 0. இந்திய எண்கள்.
9. <011910:01191>, [1-9], ஒன்பது எக்ஸ், எஸ் 0. ஊர் எண்ணுக்கு முன் 0 சேர்ப்போருக்கு.
10. 011, [2-8], ஆறு எக்ஸ், புள்ளி. அதன்பின் 0119, [02-9], ஐந்து எக்ஸ், புள்ளி. ஏனைய நாடுகள்.
11. *, இரண்டு எக்ஸ். சேவைக் குறிகள்.

எல்லாவற்றையும் ஒரே பிறை அடைப்புக்குள் இட்டு, விதிகளுக்கு இடையே நெட்டைக் கோடு வையுங்கள். எக்ஸ் ஆங்கிலச் சிறிய எழுத்தாகவும், எஸ் பெரிய எழுத்தாகவும் இருக்கட்டும். மேலே நான் விளக்கத்துக்காக இட்ட காற்புள்ளியையும் இடைவெளியையும் அங்கே இடாதீர்கள். காற்புள்ளிக்கு அங்கே வேறு பொருள் உண்டு.

பத்தாம் விதியில் 91ஐ விலக்கியிருப்பதைக் கவனியுங்கள். இதனால் இந்திய எண் பதினைந்து இலக்கமும் முடியும் வரை எந்த விதியும் முழுமை பெறாது. இலக்கத்துக்கு இலக்கம் மூன்று நொடிக்குப் பதில் பத்து நொடி அவகாசம் கிடைக்கும். கடைசி இலக்கத்தை அழுத்திய அதே கணம் அழைப்பும் செல்லும். மாமி கண்ணாடியை நிதானமாகவே சரிசெய்துகொள்ளலாம். பத்து நொடியும் போதாதெனில், ‘ரீஜனல்’ பக்கத்தில் நெடுங்கடிகாரத்தைக் கூட்டிக்கொள்ள இடமுண்டு.

வேறு நிறுவன அடாப்டர்களில் குறிகள் மாறும். கிராண்ட்ஸ்ட்ரீம் கருவிகளில் பிறை அடைப்புக்குப் பதில் நெளிந்த அடைப்பு வரும். சேவை நிறுவனமே கொடுத்த பெட்டியாயின் அது பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது அந்நிறுவனத்திடமே கேட்டுத் திருத்தச் செய்யுங்கள்.

விதி மட்டும் போதாது

அழைப்புச் சென்றால் மட்டும் போதுமா? உதவி வந்துசேர வேண்டுமே! கம்பித் தொலைபேசிக்கு வீடு தெரியும். இணையத் தொலைபேசிக்குத் தெரியாது. பொதுத் தொலைபேசிகளோடு இணைந்த இணையத் தொலைபேசி நிறுவனங்கள் வாடிக்கையாளரின் முகவரியைப் பதிந்து, அதனை 911 நிலையத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் கட்டளையிட்டது. ஆனால் வீடு மாறியதை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் நாமே. தெரிவிக்கத் தவறினால், ஆம்புலன்ஸ் பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும். விடுமுறைக்கு அடாப்டரையும் ஊருக்கு எடுத்துச் செல்வோர் உண்டு. அங்கிருந்து 911 அழைத்தால் அமெரிக்க முகவரிக்கே உதவி தேடிப் போகும்.

சோதிப்பதற்காக 911ஐ அழைக்காதீர்கள். பல நிறுவனங்கள் 933 என்னும் எண்ணை இதற்கென வைத்துள்ளன. அழைத்தால், உங்களுக்காகப் பதிவாகியுள்ள முகவரியை அது படித்துக் காட்டும். உங்கள் நிறுவனத்தில் அந்த வசதி உண்டா என்று கேட்டறிந்து, விதியை எழுதிய அன்றே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மின்சாரம் நின்றால் அடாப்டரும் நின்றுவிடும். அதையும் இணைய ரவுட்டரையும் சேர்த்து ஒரு யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கைபேசி ஒன்றையும் மின்னேற்றி அருகில் வைத்திருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். 011ஐ மறந்து, தில்லி எண்ணொன்றை 91 11 என்று அழுத்தத் தொடங்கினால், மூன்றாம் இலக்கத்திலேயே அது 911 ஆகிவிடும். நாம் தயக்கத்தை நீக்கிவிட்டபடியால் உடனே இணைப்பும் கிடைத்துவிடும். பதறி வைத்துவிடாதீர்கள். வைத்துவிட்டால், ஆபத்திலிருப்பவர் பேச இயலாமல் வைத்துவிட்டார் என்று அவர்கள் கருத நேரும். “தவறுதலாக அழைத்துவிட்டேன், இங்கே ஆபத்தில்லை” என்று பொறுமையாய்க் கூறிவிட்டு வையுங்கள்.

சகோதரியே! இன்று மாலை உங்கள் கணவரை அமர்த்தி இந்த வரியை எழுதச் செய்யுங்கள். முடிந்ததும் முதல் அழைப்பு 933க்குப் போகட்டும். முகவரி சரியாக ஒலித்ததும், அடுத்த அழைப்பை மாமியின் விரலுக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் ஊர் எண்ணை அழுத்தி முடித்த அக்கணமே மறுமுனையில் மணி அடிக்கட்டும். பிறகு வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, எந்த எண் எதற்கு என்பதைத் தொலைபேசியின் அருகிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

மார்ஷல் நகரின் அந்தச் சிறுமி, கற்றதைப் பிழையின்றிச் செய்தாள். பிழை பெரியவர்கள் எழுதிய விதியில் இருந்தது. நம் வீட்டு விதி அவ்வாறு இராதிருக்கட்டும்.